பரவாயில்லை என்று ஏறிய படிகள்

பிள்ளையின் தள்ளுவண்டியைக் கீழே விட்டுவிட்டுத்தான் ஏற வேண்டும். தபால் பெட்டிகளுக்குக் கீழே, யாருடைய வழியையும் மறிக்காதபடி சக்கரத்தைப் பூட்டி நிறுத்துவேன். பிறகு மகளை இடுப்பில் தூக்கி, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஏறத் தொடங்குவேன். மரப்படிகள். நடுவில் தேய்ந்து குழிந்தவை. வளைந்து வளைந்து போகும் அந்தப் படிக்கட்டில் மேலிருந்து ஒருவர் இறங்கி வந்தால், இரண்டு பேரில் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். கைப்பிடி ஓர் இடத்தில் ஆடும். எந்த இடம் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கை அங்கேயே போய்ப் பிடிக்கும். பாதி ஏறியதும் யோசனை வந்துவிடும்: வண்டியைப் பூட்டினேனா?

முதலாம் மாடியில் வைத்தியரின் அறை. ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வாசல் தள்ளி, ஒரு முற்றத்தைத் தாண்டிப் பின்னால் இருக்கும் பழைய கட்டடம் அது. காத்திருக்கும் அறையில் ஒன்றோடொன்று சேராத நாற்காலிகள். குளிர்காலத்தில் சூடேற்றும் கருவி யாரோ உள்ளேயிருந்து தட்டுவதுபோலச் சத்தம் போடும். சுவரில் தடுப்பூசிப் படங்கள். வெயில் பட்டு அந்தப் படங்களில் உள்ள குழந்தைகளெல்லாம் நீலமாகிவிட்டார்கள். அழகான இடம் என்று யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு மட்டும் அந்த வாசலைக் கண்டால் மூச்சு ஒழுங்காக வரும்.

காரணம் மகளின் நெஞ்சு. பிறந்த முதல் குளிரிலேயே மூச்சுமுட்டு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இப்போது மூன்று வயது. சளி, தடிமன் என்று சாதாரணமாகத் தொடங்கும். மறுநாள் விடியும்போது நெஞ்சுக்குள் பூனை படுத்திருப்பதுபோலச் சத்தம் கேட்கும். விலா எலும்புக்கு இடையில் தோல் உள்ளே இழுபடுகிறதா என்று சட்டையைத் தூக்கிப் பார்ப்பேன். இழுபடுகிறதுபோல இருக்கும். இல்லாததுபோலவும் இருக்கும். திரும்பப் பார்ப்பேன். மூச்சுவிடக் கஷ்டப்படும் பிள்ளையென்றால் காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன்பே வந்து கதவைத் தட்டலாம் என்று வைத்தியர் எனக்குச் சொல்லியிருந்தார். அவர் கோப்பி குடிக்கும் நேரம் அது. கோப்பையும் கையுமாகவே வந்து திறப்பார். மகளின் முதுகில் காதுக்குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, ஒன்று மருந்து எழுதித் தருவார், அல்லது "வீட்டுக்குப் போ, தூங்கு" என்று எனக்குச் சொல்லி அனுப்புவார். இரண்டாவதுதான் அதிகம்.

அறுபதைத் தாண்டிய பிரெஞ்சுப் பெண்மணி. கட்டையாக வெட்டிய நரைமுடி. எங்கள் ஆட்களைப் பார்த்துப் பார்த்தே கொஞ்சம் தமிழ் பழகிவிட்டார். "மூச்சை இழுங்கோ, விடுங்கோ, நோகுதா" என்று யாழ்ப்பாணத்துக்காரர்போலவே சொல்லுவார். பெண்கள் எல்லோரும் அவருக்குத் "தங்கச்சி"தான். யாரோ ஓர் அண்ணையிடம் படித்த சொல்லாக இருக்க வேண்டும். எழுபது வயது அன்ரிகளையும் தங்கச்சி என்று கூப்பிடுவார். ஒருவரும் திருத்தவில்லை. அன்ரிகளுக்கும் அது பிடித்திருந்தது.

அவருக்குத் தெரிந்த தமிழில் இன்னொரு சொல் இருந்தது. மகள் பிறந்து சில வாரங்களில் அவளைக் காட்டப் போனபோது, நான் எப்படி இருக்கிறேன் என்று பிரெஞ்சில் கேட்டார். என் பிரெஞ்சு வகுப்பில் படித்தது. பேசுவதற்கு முன் மேசை ஆண்பாலா பெண்பாலா என்று யோசிக்கும் பிரெஞ்சு. அன்று யோசிக்கவும் தெம்பில்லை. "பரவாயில்லை" என்று தமிழிலேயே வாயில் வந்துவிட்டது. மன்னிப்புக் கேட்டுப் பிரெஞ்சில் சொல்லத் தொடங்கினேன். அவர் பேனையைக் கீழே வைத்துவிட்டார்.

"ஆ. பரவாயில்லை" என்றார். இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியை இழுத்து என் கையில் சுற்றினார். "உங்கள் ஆட்கள் இந்தச் சொல்லைச் சொன்னால் நான் முதலில் இதை எடுத்துவிடுவேன்" என்று பிரெஞ்சில் சொன்னார். ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு, வேர்த்து வழிய வந்து உட்கார்ந்து இதே சொல்லைச் சொன்னாராம். அடுத்த அரை மணியில் ஆம்புலன்ஸ் வந்ததாம். "உங்களுக்கு இது ஒரு பதில். எனக்கு இது ஒரு நோய்க்குறி."

நான் சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன் என்று நினைக்கிறேன். அந்த மாதங்களில் நடந்தது எதுவும் சரியாக நினைவில்லை.

கட்டடத்தைப் பற்றிய அறிவித்தல் இந்தக் குளிர்காலத்தின் தொடக்கத்தில் முற்றத்துக் கதவில் ஒட்டப்பட்டது. கட்டடம் நகரசபைக்குச் சொந்தம். பழையதாகிவிட்டது, இன்றைய விதிகளுக்குப் பொருந்தவில்லை, அதன் எதிர்காலத்தைப் பற்றி முடிவெடுப்பதற்கு முன் அதைப் பயன்படுத்துபவர்களின் கருத்தைக் கேட்க விரும்புகிறோம், சனிக்கிழமை காலை பாடசாலை மண்டபத்துக்கு வாருங்கள் என்று எழுதியிருந்தது. நான் வாசலில் நின்று வாசித்தேன். வீட்டுக்கு வந்ததும் சரியாகத்தான் வாசித்தேனா என்று சந்தேகம் வந்து, இறங்கிப் போய்த் திரும்ப வாசித்தேன்.

அதற்கு அடுத்த நாட்களில் சுற்றுவட்டாரத்து வைத்தியர்களுக்கெல்லாம் தொலைபேசி எடுத்தேன். புதிய நோயாளிகளை எடுப்பதில்லை என்றார்கள். ஓர் இடத்தில் இணையத்தில் முயன்று பாருங்கள் என்றார்கள். இணையத்தில் முயன்றேன். கோடைகாலத்தில் ஒரு நாள் காட்டியது. மகளின் முட்டு கோடைவரை பொறுத்திருக்காது.

ரூ காய் தெருவில் நாங்கள் வழக்கமாகச் சாமான் வாங்கும் கடையில் இதுதான் பேச்சு. நான் கீரைக்கட்டைப் புரட்டிக்கொண்டு நின்றபோது கடைக்கார அண்ணை கேட்டார்.

"என்ன தங்கச்சி, டொக்டர் வீட்டைப் பூட்டப் போறாங்களாம்?"

"இன்னும் முடிவில்லை அண்ணை. சனத்தைக் கேட்கத்தான் கூட்டம் வைக்கினம்."

"கூட்டம் வைச்சா முடிவு எடுத்திட்டாங்கள் எண்டுதான் அர்த்தம்."

முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்த வன்னிப் பெடியன் ஒருவன், இங்கே வந்து அதிக நாளாகாதவன், றெஸ்ரோறண்டில் கோப்பை கழுவுபவன், தலையை நிமிர்த்தினான்.

"நானும் அந்தத் தாளைப் பாத்தனான் அண்ணை. கப்பினே எண்டு பெரிசாய்ப் போட்டிருந்தது. கக்கூசைத் திருத்தப் போறாங்கள் எண்டு நினைச்சன். எங்கடை முதலாளி கப்பினே எண்டு அதைத்தானே சொல்றவர்."

"பிரெஞ்சிலை டொக்டரின்ரை இடத்துக்கும் அதுதான்ரா பேர். அங்கை போய்க் கப்பினே எங்கை எண்டு கேக்கேல்லையே நீ?"

"கேட்டனே! நீ நிக்கிறதே அதுக்குள்ளைதான் எண்டா அந்த மனிசி."

கடை முழுக்கச் சிரிப்பு. எங்கள் வீடு இருக்கும் கட்டடத்திலேயே தரைத்தளத்தில் இருக்கும் அன்ரி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு முழங்கால் இரண்டும் சரியில்லை. சக்கரம் வைத்த பையில் சாய்ந்துகொண்டு நின்றார்.

"சிரியுங்கோ, சிரியுங்கோ. நான் முந்தி இருந்த வீட்டிலை சுவரிலை ஈரம் ஊறுது எண்டு ஒரு கடிதம் போட்டனாங்கள். வந்து பாத்திட்டு, ஆபத்து எண்டு எழுதி, கட்டடத்தையே பூட்டிப்போட்டாங்கள். சட்டி பானையோடை றோட்டிலை நிண்டனாங்கள். இதுவும் அப்பிடித்தான். படி கஷ்டம் எண்டு ஒருத்தர் வாய் திறந்தாச் சரி, உடனை பூட்டு."

கடைக்கார அண்ணை தராசில் என் தக்காளியை வைத்தபடி யோசித்தார். "அப்ப கேட்டா என்னண்டு சொல்றது?"

"பரவாயில்லை எண்டு சொல்லுங்கோ. எல்லாரும் ஒரே மாதிரிச் சொல்லவேணும். இஞ்சை தங்கச்சிதானே மொழிபெயர்க்கப் போறா. அவ வடிவாய்ச் சொல்லிப்போடுவா."

அதுவும் உண்மை. வைத்தியரின் வரவேற்பு மேசையில் இருக்கும் பெண் என்னைக் கேட்டிருந்தாள். தமிழர்கள் நிறையப் பேர் வருவார்கள், நீ படித்தவள், உதவி செய்ய முடியுமா என்று. நான் உடனே சரி என்றேன். பிறகு இரண்டு நாட்கள் ஏன் சரி என்றேன் என்று யோசித்தேன்.

றெஸ்ரோறண்டில் சமைக்கும் கணவர் மத்தியானச் சமையலுக்கும் இரவுச் சமையலுக்கும் இடையில் வீட்டுக்கு வருவார். சப்பாத்தைக் கழற்றிவிட்டுக் கால்களை நீட்டி உட்கார்ந்திருந்தபோது சொன்னேன்.

"நீர் ஏன் இதுக்குள்ளை போறீர்?"

"கேட்டவை. மாட்டன் எண்டு எப்பிடிச் சொல்றது?"

"மாட்டன் எண்டுதான்."

"அந்தக் கதவு இல்லாட்டி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கை ஓடுறது? நீங்கள் அந்த நேரம் வேலையிலை நிப்பியள்."

அவர் காலுறையைக் கழற்றி உருட்டி, உருட்டியதைப் பிரித்து, மறுபடி உருட்டினார். பிறகு, "எண்டாலும் நேற்று முழுக்க நீர் நித்திரை கொள்ளேல்லை" என்றார். அதற்கும் கூட்டத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை. தொடர்பு இருந்தது.

அன்ரியின் திட்டம் எனக்கு நல்லதாகத்தான் பட்டது. பயந்தவர்களுக்கு எந்தத் திட்டமும் நல்லதாகப் படும். அதோடு, எனக்குப் படி உண்மையிலேயே பரவாயில்லைதான். மூச்சு வாங்கும், கை நோகும், அவ்வளவுதான்.

மண்டபத்தில் சின்னப் பிள்ளைகள் உட்காரும் தாழ்ந்த வாங்குகள்தான் இருந்தன. முழங்கால் மடிக்க முடியாத அன்ரி சுவரோரம் நின்றார். கடைசியில் யாரோ ஆசிரியரின் கதிரையைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மகளை, அன்று விடுப்பு எடுத்திருந்த கணவரிடம் விட்டுவிட்டு வந்திருந்தேன். மகளின் மூச்சுக்கு அடிக்கும் மருந்துப் பம்பை எங்கே வைத்தேன் என்று சொன்னேனா என்ற கேள்வியோடு முன்வரிசையில் உட்கார்ந்தேன். வைத்தியர் பின்வரிசையில், குளிர்ச்சட்டையைக் கழற்றாமலே இருந்தார்.

நகரசபையிலிருந்து வந்தவள் என் வயதுப் பெண். மரியாதையாகப் பேசினாள். நான் மொழிபெயர்க்க நேரம் கொடுத்து, நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். இரண்டு வழிகள் இருக்கின்றன என்றாள். ஒன்று, முற்றத்தின் பக்கம் வெளிச்சுவரோடு ஒரு அசான்சர், அதாவது மின்தூக்கி, பொருத்தி, கதவுகளை அகலமாக்கி, வைத்தியரை இங்கேயே வைத்திருப்பது. மற்றது, இந்தக் கட்டடத்தைக் கைவிட்டு, வடக்கே போர்த் து லா ஷப்பெல் பக்கம் புதிதாகக் கட்டிய மருத்துவ நிலையத்தின் தரைத்தளத்துக்கு வைத்தியரை மாற்றுவது. அங்கே முன்பதிவு இல்லாமல் பார்க்க முடியாது. பல வைத்தியர்களுக்கு ஒரே வரவேற்பு மேசை. நான் மொழிபெயர்த்தபோது அந்த இடத்தில் என் குரல் இறங்கியதை நானே கேட்டேன்.

"முதலில் உங்களிடம் ஒரு கேள்வி" என்றாள் அவள். "படிக்கட்டு உங்களுக்கு எப்படி இருக்கிறது?"

நான் தமிழில் கேட்டேன். அன்ரி என்னைப் பார்க்காமல், அந்தப் பெண்ணை நேராகப் பார்த்துச் சொன்னார்.

"பரவாயில்லை பிள்ளை."

பிரச்சினை இல்லை என்று பிரெஞ்சில் சொன்னேன். அவள் எழுதிக்கொண்டாள்.

"பரவாயில்லை" என்றார் கடைக்கார அண்ணை. அவரும் சொன்னபடியே. இன்னும் இரண்டு மூன்று பேர், ஒரே சொல், ஒரே குரல், பாடசாலையில் வரவு சொல்வதுபோல. வன்னிப் பெடியன் எழுந்து நின்று, "பரவாயில்லை அக்கா. நான் ஓடித்தான் ஏறுறனான்" என்றான். அதையும் சொன்னேன். அவள் சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

அவள் பேனையை மூடினாள். "இது எங்களுக்கு உதவியாக இருக்கிறது" என்றாள். "மின்தூக்கி பெரிய செலவு. தேவை இருக்கிறது என்று காட்டினால்தான் கேட்க முடியும். யாருக்கும் படி கஷ்டமில்லை என்றால் மின்தூக்கிக்கு நியாயம் இல்லை. மின்தூக்கி இல்லாமல் விதிப்படி இந்தக் கட்டடத்தில் வைத்தியம் தொடரவும் முடியாது. ஆகவே..."

ஆகவேக்குப் பிறகு அவள் சொன்னது என் காதில் ஏறவில்லை. எல்லோரும் என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் மொழிபெயர்க்க வேண்டும்.

"அன்ரி" என்றேன். "படி கஷ்டமில்லை எண்டா அசான்சர் போடமாட்டினமாம். அசான்சர் இல்லாட்டி பூட்டுறதாம்."

மண்டபம் மீன்சந்தையானது.

"ஐயோ, இதை முந்தியே சொல்லியிருக்கலாமெல்லோ!"

"எனக்கே இப்பதானே தெரியும் அண்ணை!"

"அப்ப மாத்திச் சொல்லு பிள்ளை. எனக்குக் கஷ்டம் எண்டு சொல்லு."

"இவ்வளவு நேரமும் பரவாயில்லை எண்டிட்டு இப்ப மாத்தினா பொய் எண்டு நினைக்கமாட்டினமோ?"

"நான் ஓடி ஏறுறனான் எண்டு வேற சொல்லிப்போட்டன்" என்றான் பெடியன். "நொண்டி நொண்டிப் போய்க் காட்டட்டோ?"

"நீ இரடா பேசாமல்!"

நகரசபைப் பெண் என்னைப் பார்த்தாள். கண்களில் கேள்வி இருந்தது, கோபம் இல்லை. நான் என்ன சொல்வது? இவர்கள் சொன்னது அதுவல்ல என்றா? நான் சொன்னது பிழை என்றா? 'பரவாயில்லை' என்பதற்குப் பிரெஞ்சில் என்ன சொல்? கஷ்டம்தான் ஆனால் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்பதை ஒரே சொல்லில் எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தேன். பிரெஞ்சு வரவில்லை. தமிழும் வரவில்லை.

பின்வரிசையில் வாங்கு உராயும் சத்தம் கேட்டது. வைத்தியர் எழுந்திருந்தார்.

"மொழிபெயர்ப்பு சரி" என்று பிரெஞ்சில் சொன்னார். "ஆனால் அது பதில் இல்லை. இந்தச் சொல் எனக்குத் தெரியும்." நடந்து வந்து அன்ரியின் கதிரைக்கு முன்னால் நின்றார். சட்டென்று குனிந்து, அவருடைய முழங்காலில் கையை வைத்துத் தமிழில் கேட்டார்.

"தங்கச்சி, நோகுதா?"

அன்ரி முதலில் எங்களைப் பார்த்தார். பிறகு தன் முழங்காலில் இருந்த கையைப் பார்த்தார்.

"ஓம் டொக்டர்" என்றார். "நோகுது."

அதற்குப் பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. படி வளைகிற இடத்தில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டுத்தான் மேலே வருவாராம். இறங்கும்போது பின்பக்கமாக இறங்குவாராம், பிள்ளைகள்போல. "இப்ப கொஞ்சக் காலமாய் நான் வாறேல்லை. பழைய மருந்துத் துண்டைத்தான் பாமசியிலை நீட்டுறன். அவங்கள் ஏசி ஏசித் தாறாங்கள்." ஒவ்வொரு வாக்கியமாக நான் பிரெஞ்சில் சொன்னேன். இந்த முறை சொற்கள் தேடாமல் வந்தன.

அவர் முடிக்க, வேறொருவர் தொடங்கினார். தன் மனைவிக்கு ஒரு பக்கம் இழுத்த பிறகு அவளை ஏற்ற முடியவில்லை, அதனால் வைத்தியத்துக்கு வருவதையே விட்டுவிட்டோம் என்றார். கடைக்கார அண்ணை மெதுவாக, "எனக்கும் நெஞ்சு கொஞ்சம் அடிக்கும், மேலை வந்து சேரேக்கை" என்றார். ஆபிரிக்கப் பெண் ஒருத்தி, வயிற்றில் பிள்ளையோடு விழுந்ததைச் சொன்னாள். வைத்தியர் திரும்பி ஒவ்வொருவரையும் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவிக்கு இழுத்தது என்று சொன்னவரிடம், "நீங்கள் வீடு மாறிப் போய்விட்டீர்கள் என்று நினைத்தேன்" என்றார். அவர், "இல்லை டொக்டர். அதே வீடுதான்" என்றார். வைத்தியர் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தார். குளிர்ச்சட்டையின் பொத்தான்களைக் கழற்றினார். ஒன்றுவிடாமல் திரும்பப் பூட்டினார்.

மின்தூக்கியின் தேவை எழுதப்பட்டது. வெளியே வந்தபோது எல்லோருக்கும் வென்றுவிட்ட முகம். அன்ரி என் கன்னத்தைத் தடவினார். "பாத்தியே பிள்ளை, உண்மையைச் சொன்னா எல்லாம் சரி" என்றார், பொய்த் திட்டம் தன்னுடையது என்பதை மறந்து. நான் வீட்டுக்கு ஓடினேன். மருந்துப் பம்பு கணவரின் கையிலேயே இருந்தது. மகள் படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொஞ்ச வாரங்களில் ஆட்கள் வந்து முற்றத்தை அளந்தார்கள். மின்தூக்கி வைக்கலாம் என்று தெரிந்தது. ஆனால் அனுமதி, வேலை எல்லாம் முடிய நீண்ட காலம் எடுக்கும். அதுவரை படிதான் வழி. அந்தச் செய்தி வந்த வாரமே மகளுக்கு முட்டு. காலையில் கதவைத் தட்டினேன். கோப்பையோடு திறந்தார். மகளின் முதுகில் கேட்டார், மருந்து எழுதினார். எழுதி முடித்த பிறகு, நிமிராமலே சொன்னார்.

"நான் காத்திருக்கப் போவதில்லை. அந்தப் புதிய இடத்துக்குப் போகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வசந்தத்தில்."

நான் மருந்துத் துண்டை வாங்கி நான்காக மடித்தேன்.

"வந்தவர்களை மட்டும்தான் நான் இவ்வளவு காலமும் எண்ணிக்கொண்டிருந்தேன்" என்றார். "வராதவர்கள் குணமாகிவிட்டார்கள், அல்லது போய்விட்டார்கள் என்று நினைத்தேன். அவர்கள் கீழே நின்றிருக்கிறார்கள்."

மகள் அவருடைய மேசையில் இருந்த நாக்கை அழுத்திப் பார்க்கும் மரத் தடிகளை ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது வீடு மாதிரி.

வைத்தியர் போகும் முடிவை எடுத்ததும் கட்டடத்தைப் பற்றிய முடிவு இலகுவாகிவிட்டது. மாணவர்கள் தங்கும் அறைகளாக மாற்றப்போகிறார்களாம். படி ஏறக்கூடியவர்கள். அன்ரிக்குச் சந்தோஷம், புதிய இடத்தின் வாசலிலேயே பஸ் நிற்கும், உள்ளே ஒரு படிகூட இல்லை. கடைக்கார அண்ணை என்னைக் கண்டால் விடமாட்டார். "தங்கச்சி மொழிபெயர்த்த மொழிபெயர்ப்பிலை டொக்டரே எழும்பி ஓடிப்போட்டா" என்பார். நான் சிரிப்பேன். சிரித்துவிட்டு, பால் பெட்டியின் திகதியைப் பார்ப்பேன். பார்த்த பெட்டியையே திரும்பப் பார்ப்பேன்.

ஏனென்றால் அந்தக் கேள்வி போவதாக இல்லை. கூட்டத்தில் நான் அந்த ஒரு சொல்லோடு நின்றிருந்தால்? பிரச்சினை இல்லை என்றதோடு கூட்டம் கலைந்திருந்தால்? அப்போதும் மூடியிருப்பார்கள்தான். ஆனால் இன்னும் ஒரு குளிர்காலம், இரண்டு குளிர்காலம் இழுபட்டிருக்கும். அரச வேலைகள் எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்குள் மகள் வளர்ந்திருப்பாள், நெஞ்சு தேறியிருக்கும். இப்படி யோசித்துக்கொண்டு போகும்போது, முதல் ஆளாக வைத்தியரைப் பார்க்க நேரத்தோடேயே வந்து படி வளைவில் உட்கார்ந்திருக்கும் அன்ரி நினைவுக்கு வருவார். எத்தனையோ காலைகளில் மகளைத் தூக்கிக்கொண்டு அவரைத் தாண்டி ஏறியிருக்கிறேன். "வாறன் அன்ரி, பிள்ளைக்கு ஏலாது" என்று சொல்லிக்கொண்டே. அவர் சேலையை ஒதுக்கி வழிவிடுவார். "பரவாயில்லை, நீ போ பிள்ளை" என்பார். போவேன்.

நகரசபையின் தாள் கதவிலிருந்து கிழிந்துவிட்டது. ஒட்டிய நாடா மட்டும் மிச்சம். சாமான் கட்டும் பெட்டிகள் வந்துவிட்டன, காத்திருக்கும் அறையில் நாற்காலிகளுக்குப் பதிலாகப் பெட்டிகளில் உட்காருகிறார்கள். நீலக் குழந்தைகளைச் சுவரிலிருந்து கழற்றிவிட்டார்கள். அவை இருந்த இடம் மட்டும் வெள்ளையாக இருக்கிறது.

போன வாரம் மகளின் தடுப்பூசிக்குப் போனேன். முட்டு இல்லை, முன்பதிவு செய்து, ஒழுங்கான நேரத்துக்கு. ஊசி போட்டு, அழுகை முடிந்து, மகள் ஒட்டுப்படம் ஒன்றை வாங்கிக்கொண்டு ஒரு பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்தாள். வைத்தியர் அவளுடைய புத்தகத்தை மூடி என்னிடம் தந்தார். புதிய இடத்தில் காலையில் கதவைத் தட்ட முடியாது, தனக்குத் தெரியும் என்றார். வரவேற்பில் என் பெயரைச் சொல்லி வைத்திருக்கிறேன், தொலைபேசி எடுத்தால் முயன்று பார்ப்பார்கள் என்றார். முயன்று பார்ப்பார்கள் என்பதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"உனக்கு அது சரிவருமா?" என்று கேட்டார்.

குளிர்காலத்து விடியற்காலை, மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு மார்க்ஸ் டோர்மோய் மெத்ரோ நிலையத்தின் படிகளில் இறங்குவது, தொலைபேசியில் இசை கேட்டுக்கொண்டு காத்திருப்பது, விலாவைப் பார்ப்பது, திரும்பப் பார்ப்பது எல்லாம் ஒரே நேரத்தில் மனதில் ஓடின. அவருக்கும் எவ்வளவு களைப்பு என்று முகத்தில் தெரிந்தது. அவருக்குப் பாரமாக ஒன்றும் சொல்லிவிடக் கூடாது.

"பரவாயில்லை டொக்டர்" என்றேன்.

சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அவர் கண்ணாடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். எழுந்து போய், பாதி கட்டிவைத்திருந்த ஒரு பெட்டியைத் திறந்து, உள்ளே கையை விட்டுத் துழாவினார். இரத்த அழுத்தப் பட்டி கீழே எங்கோ போயிருந்தது. கொஞ்ச நேரம் எடுத்தது.

"தங்கச்சி, இருங்கோ" என்றார்.

நான் இருந்தேன். சட்டைக் கையை மேலே ஏற்றினேன்.